எழுபது கிலோமீட்டர் சோம்பேறி

மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஓடுமாமே கிரேஹவுண்ட் நாய்? என் வீடோ மூன்றாம் மாடி. எப்படி வளர்ப்பது?
(மாடிவாசி, மடிப்பாக்கம்)

ஓடுவதெல்லாம் அரை நிமிடம். பிறகு அரை நாளுக்கு மேல் படுத்தே கிடக்கும். காலையும் மாலையும் ஒரு நடை கூட்டிப்போனால் போதும். அதற்கு ஓட இடம் தேட வேண்டாம். சோபாவில் நீங்கள் உட்கார ஓரிடத்தை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

விலா எலும்பு தெரிகிறது. பக்கத்து வீட்டு மாமி, "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடறேளே" என்கிறார்.
(மானம் போனவர், மயிலாப்பூர்)

கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்தால்தான் கிரேஹவுண்ட் நலமாக இருக்கிறதென்று அர்த்தம். இடுப்பெலும்பும் துருத்தினால் டாக்டரிடம் போங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு, தோலும் மெல்லிசு. அதனால் படுக்க மெத்தை போடுங்கள். ஊட்டிக்குக் கூட்டிப்போனால் ஸ்வெட்டர் மாட்டுங்கள். மாமியின் அன்புக்கு மட்டும் அணை போடுங்கள். பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பார் வெங்காயம் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும்.

எத்தனை இறுக்கிக் கட்டினாலும் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடிவிடுகிறதே?
(துரத்திக் களைத்தவர், திருச்சி)

அதற்குத் தலையைவிடக் கழுத்து பருமன். சாதாரண பெல்ட், தலைவழியே சுலபமாகக் கழன்றுவிடும். மார்ட்டிங்கேல் என்று கேட்டு வாங்குங்கள்: இழுத்தால் அளவாக இறுகும், விட்டால் தளரும். திறந்தவெளியில் அவிழ்த்துவிடாதீர்கள். கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை ஜாதி அது. அணில் ஒன்று குறுக்கே ஓடினால், நீங்கள் ஆசையாக வைத்த பெயர் அதற்கு மறந்துபோகும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

தொட்டால் சுடுகிறது. கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?
(வீட்டு வைத்தியர், வேலூர்)

நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். நமக்கான மாத்திரை அதன் கல்லீரலைப் பதம் பார்த்துவிடும். டாக்டரிடம் போனதும், "இது கிரேஹவுண்ட்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். மற்ற நாய்களைவிட இதற்குச் சிவப்பணு அதிகம், தட்டணு குறைவு. சில மயக்க மருந்துகள் தெளியவும் நேரமாகும்.

சாப்பிட்டதும் ஓடவிடலாமா?
(அவசரக்காரர், அம்பத்தூர்)

கூடாது. குழிந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு புடைத்து, குமட்டியும் ஒன்றும் வெளியே வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்கள் வீட்டில் நீங்களும் ஓடவேண்டிய ஒரே சந்தர்ப்பம் அது.

உலகப் புகழ்பெற்ற கிரேஹவுண்ட் யார்?
(பொது அறிவுப் பிரியர், புதுக்கோட்டை)

மிக் தி மில்லர். 1929, 1930 இரண்டு ஆண்டும் இங்கிலீஷ் டெர்பி பந்தயத்தை வென்றவர். பாடம் செய்யப்பட்ட அவர் உடலை இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இத்தனை கூட்டம் பார்க்க, இத்தனை காலம் அசையாமல் நிற்க, கிரேஹவுண்டால்தான் முடியும்.

என் கணவர் நாயைக் கட்டிலில் ஏற்றிவிடுகிறார். எப்படித் தடுப்பது?
(ஓரத்தில் படுப்பவர், மதுரை)

அவர் பக்கம் சரித்திரமே சாட்சி சொல்கிறது. அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அர்ரியன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே, வேட்டைநாய் மனிதரோடு படுப்பதுதான் நல்லது என்று எழுதிவைத்துவிட்டார். ஒரு எச்சரிக்கை: கண்ணைத் திறந்தபடியே தூங்கும் பழக்கம் கிரேஹவுண்டுக்கு உண்டு. திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடலாம். எட்ட நின்று பெயர் சொல்லி எழுப்புங்கள். கணவரைத் தொட்டே எழுப்பலாம். யார் எந்தப் பக்கம் என்று விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு.