த்ரீ நாட் த்ரீயின் தம்பிகள்

சித்தூர் வாசகர்: போலீஸ்காரர் கையில் இருந்த பழைய த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளும், என் மாமா லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் பாயிண்ட் 315-ம் அச்சு அசல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவதை மாமா வாங்க முடியாதாமே, ஏன்?

உருவத்தைப் பார்த்துச் சட்டம் வகை பிரிப்பதில்லை. எந்தத் தோட்டா உள்ளே ஏறும் என்று பார்க்கிறது. இரண்டும் லீ-என்ஃபீல்டு குடும்பம்தான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இரண்டையும் செய்திருக்கிறது. பெயரில் உள்ள அளவைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். ஆனால் .303, 7.62 மி.மீ. ஆகிய படைத் தோட்டாக்கள் ஏறும் ரைஃபிள் எதுவானாலும் அது தடை செய்யப்பட்ட வகை. பாயிண்ட் 315-இன் தோட்டா படைக் கிடங்கில் கிடைக்காது.

1857 கிளர்ச்சியைப் பார்த்துப் பயந்த வெள்ளைக்கார அரசு, கிடங்கிலிருந்து திருடும் தோட்டா ஊருக்குள் இருக்கும் துப்பாக்கியில் ஏறக்கூடாது என்று கணக்குப் போட்டது. 1878 சட்டம் போய் 1959 ஆயுதச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கணக்கு நிற்கிறது. போட்டவர் யாராக இருந்தாலும் கணக்கு சரி என்பதே என் கட்சி. ஒரு போலீஸ் நிலையத்தில் தோட்டா களவு போனால், சுற்றுவட்டாரத்தில் உள்ள லைசென்ஸ் ரைஃபிள் எதற்கும் அது பயன்படக்கூடாது.

திருப்பதி கல்லூரி மாணவி: என்.சி.சி. முகாமில் நாங்கள் சுட்ட பாயிண்ட் 22-ம் அதே சாயலில் இருந்ததே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். லீ-என்ஃபீல்டு உடம்பிலேயே சிறு குழல் பொருத்திப் பயிற்சிக்கென்று செய்த பாயிண்ட் 22 ரைஃபிள்கள் உண்டு. என்.சி.சி. அவற்றைப் பல காலம் வைத்திருந்தது. தானியங்கி அல்லாத பாயிண்ட் 22, சட்டத்தில் தடைப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

அதே உடம்பில் பாயிண்ட் 410 மஸ்கெட் என்றும் ஒன்று உண்டு. காவல் வேலைக்காகக் குழலைக் குடைந்து, உள்ளே இருந்த சுழல்வரிகளை எடுத்துவிட்டு, ஒரு முறைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கினார்கள். மூத்ததைவிடப் பலம் குறைந்தது. ஆனாலும் விதிகள் அதன் பெயரைச் சொல்லியே தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. பலத்தை மட்டும் அளந்து வகை பிரிப்பதாக நினைப்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நகரி வாசகர்: ஒரே குடும்பம் என்றால் தரமும் ஒன்றுதானே?

இல்லை. 1960-களில் இஷாப்பூர் அதே வடிவத்தில் 7.62 மி.மீ. ரைஃபிள் செய்தது, அதன் பெயர் 2ஏ1. புதிய தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால் எஃகை மாற்றினார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. தரம் எஃகில் இருக்கிறது, போல்ட் தலை தோட்டாவோடு பொருந்தும் இறுக்கத்தில் இருக்கிறது, குழலின் உட்புறத்தில் இருக்கிறது. பளபளக்கும் கட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தரம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சட்ட வகை மாறாது. முழு இரும்பைக் கடைந்து செய்த ஏ.கே.-யும், 1959-க்குப் பின் தகட்டை அழுத்திச் செய்த ஏ.கே.எம்.-மும் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். ஆகவே இரண்டும் தடை.

பலமநேர் விவசாயி: காட்டுப் பன்றி நிலக்கடலையை நாசம் செய்கிறது. பயிர் காக்க மசில்லோடருக்கு லைசென்ஸ் உண்டு என்கிறார்கள். பட்டறையில் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கியும் அதுதானே? வாங்கிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள். உங்கள் நஷ்டம் பொய்யில்லை. கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய நிலங்களில் பன்றியோடு யானையும் சேர்ந்துகொள்கிறது. பயிர் காக்க வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது. கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

பட்டறைத் துப்பாக்கி பார்வைக்கு மட்டுமே அதன் சாயல். லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளரின் துப்பாக்கியில் எண் இருக்கும், சோதித்ததற்கான முத்திரை இருக்கும். பட்டறைக் குழல் எந்த அழுத்தம்வரை தாங்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. வெடித்தால் பிடித்திருப்பவரின் விரலும் கண்ணும்தான் முதலில் போகும். வெடிக்காமல் பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டு சிறை. பன்றி தின்ற கடலையை அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம், ஐயா. கை திரும்ப வராது.

லைசென்ஸ் துப்பாக்கி வந்த பிறகும் பன்றியைச் சுட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். சேதம் நடந்த உடனே அவர்களிடம் இழப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

புத்தூர் வாசகர்: லைசென்ஸ் உள்ள ஒற்றைக் குழல் துப்பாக்கி. நீளம் கைக்கு அடங்கவில்லை. கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாமா?

தொடாதீர்கள். அனுமதியில்லாமல் குழலைக் குறைப்பதே குற்றம். 20 அங்குலத்துக்குக் கீழே போனால் அது தடை வகை. அந்த வகையை வைத்திருந்தாலே சிறை 7 முதல் 14 ஆண்டு.

காளஹஸ்தி வாசகர்: ஒரே மாதிரி இரண்டு ஏர் ரைஃபிள். ஒன்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், இன்னொன்றுக்கு வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி பாயிண்ட் 177 அளவும் 20 ஜூல் ஆற்றலும்தான் எல்லை. அதே உடம்பில் பாயிண்ட் 22 குழல் வந்தால் லைசென்ஸ் வேண்டும். பாயிண்ட் 177-ஆகவே இருந்தாலும் உள்ளே உள்ள ஸ்பிரிங் 20 ஜூலைத் தாண்டினால் வேண்டும். பில்லில் இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் தேவையில்லாத ரைஃபிளால் காட்டுப் பறவையைச் சுட்டாலும் வனவிலங்குச் சட்டம் பாயும்.

திருப்பதி வாசகர்: தாத்தா காலமானார். அவருடைய துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. என்ன செய்வது?

லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்தது. போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசாக மனுச் செய்யுங்கள். அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் சித்தூர் முத்திரை இருக்கலாம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் என்பதால் மனு திருப்பதி கலெக்டருக்குப் போக வேண்டும். துப்பாக்கியின் வகையைத் தாத்தா சொன்ன ஞாபகத்தில் எழுதாதீர்கள். குழலில் பொறித்த அளவையும் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். எண் அழிந்திருந்தால் ஒப்படைக்கும்போதே அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். அழிந்த எண்ணோடு துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்தவர் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.