பொடக்காளிச் சுடுதளம்: அமைப்பும் பெயரிடும் முறையும்

பொடக்காளிச் சுடுதளம் என்பது வீட்டின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவே, துணிக்கொடி, முருங்கை, கோழிக்கூடு ஆகியவற்றின் முன்னுரிமைகளுக்கு உட்பட்டு, காற்றுத் துப்பாக்கியால் குறிபார்த்துப் பழக ஒதுக்கப்படும் நிலம். கொங்கு வழக்கில் இந்நிலம் பொடக்காளி, பொடக்காலி, பொடக்காணி எனப் பலவாறு வழங்கும். எது சரி என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. அங்கே சாம்பல் கொட்டுவோருக்கு இதுவரை ஐயம் எழுந்ததில்லை.

ஓமலூர் வட்டாரத்தில் குறிபார்த்தலுக்கு மூலபாடம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் உள்ளது. ஒரு தூணில் வில்லேந்திய இராமன். வேறொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் பொருதுகின்றனர். இராமன் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்று பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இட அமைப்பு பற்றி இதற்குமேல் எழுதுவது தாளுக்குக் கேடு.

தளத்தின் நீளம் 10 மீட்டர்.

ரவை: 4.5 மில்லிமீட்டர் ஈயம். உப்புமாவுக்கு ஆகாது.

இலக்கைத் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வைப்பது பன்னாட்டு முறை. ஏர் ரைஃபிள் போட்டிகளில் 10 புள்ளிக்குரிய நடுப்பொட்டு 0.5 மில்லிமீட்டர்தான், சுடும் ரவை அதைப்போல ஒன்பது மடங்கு அகலம். இவ்வளவு நுட்பம் முருங்கை நிழலில் வேண்டாம் என்போர் திருவிழாக் கடை மரபைப் பின்பற்றிப் பலூன் கட்டலாம். பின்னால் மணல் மூட்டை அடுக்க வேண்டும். சேலம் உருக்காலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று இரும்புத் தகடு நிறுத்தினால், ரவை தெறித்துச் சுட்டவரிடமே திரும்பி வரும்.

சட்டம் சுருக்கமானது. ஆயுத விதிகள் 2016இன்படி, காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 20 ஜூலையோ துளை 0.177 அங்குலத்தையோ தாண்டினால் உரிமம் வேண்டும். மயில், கொக்கு, பக்கத்து வீட்டுக் கோழி ஆகியவை இலக்குகள் அல்ல. முதலிரண்டையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது; மூன்றாவதைப் பக்கத்து வீட்டு அத்தை காக்கிறார்.

இனிப் பெயர். அமைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும், பெயர் முடியாது.

'துப்பாக்கி' துருக்கிய மொழியின் 'துஃபெக்' வழிவந்த சொல். 12ஆம் குறளிலும் இதே எழுத்துகள் இதே வரிசையில் வருகின்றன. அங்கே பொருள் உணவை ஆக்குவது, பேச்சு மழையைப் பற்றியது. ஆயினும் வள்ளுவர் காலத்திலேயே சுடுதளம் இருந்தது என்று நிறுவ ஒரு மேடையும் ஒரு பொன்னாடையும் போதும்.

பலகையில் 'துப்பாக்கி', 'சுடுதளம்' என்னும் இரு சொற்களைச் சேர்த்து எழுத வந்தவர் தூரிகையை நனைத்துக்கொண்டு கேட்கும் முதற் கேள்வி: "நடுவுல 'ச்' போடணுங்களா?" துப்பாக்கியால் சுடுவது மூன்றாம் வேற்றுமை, ஆகவே ஒற்று மிகும் என்பது முதற் கட்சி. துப்பாக்கியைச் சுடுவது இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'நீர் குடித்தான்' போல ஒற்று மிகாது என்பது இரண்டாம் கட்சி. இரண்டும் தவறு, 'துப்பாக்கி சுடும்' என்பது எழுவாய்த் தொடர். துப்பாக்கி தானே சுடும், ஆளுக்கு அதில் பங்கில்லை என்பது மூன்றாம் கட்சி. குறி தவறியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் கட்சியில் சேர்கின்றனர். வீட்டிலேயே தளம் அமைத்துப் பழகி, 2008இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா எந்தக் கட்சி என்பது ஆய்வுக்குரியது.

சிக்கலே வேண்டாம், 'சுடுகளம்' என்று சுருக்கிவிடலாம் என்போரும் உண்டு. அப்படி எழுதினால் வெளியூர்க்காரர் மாலையும் கையுமாக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பார். இதற்குச் சான்று, வேலிக்கு அப்பாலிருந்து அத்தை அருளியது. அதன் இரண்டாம் பதிப்பு, முறத்துடன், உரத்த குரலில். அப்பதிப்புக்கு அவருடைய மாமியார் வரைந்த விருத்தியுரை. அவ்வுரையைக் கண்டித்துத் திண்ணையில் எழுந்த மறுப்பு. இம்மறுப்பை யாரும் நேரில் கேட்டதில்லை. எனவேதான் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது.

தீர்வு எட்டும்வரை, இரு சொற்களுக்கும் நடுவே ஓர் எழுத்துக்கு இடம்விட்டுப் பலகையை எழுதி, மணல் மூட்டைகளுக்கு முன்னே தொங்கவிடுவது நடைமுறை. நான்கு விரல் அகலத்தில் வெள்ளையாக இருக்கும் அந்த இடம் 10 மீட்டர் தொலைவிலிருந்து நன்றாகத் தெரிவதால், பழகுவோர் பலூனை விட்டுவிட்டு அதையே குறிபார்க்கின்றனர். ரவை துளைத்த இடம் மெய்யெழுத்தின் புள்ளி போலவே இருக்கிறது. முதற் கட்சியினர் அதைத் தங்கள் சான்றுகளில் சேர்த்துக்கொண்டுள்ளனர்.