முகவரி மட்டும் மாறிய பயோடேட்டா

அரியலூர் 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001இல் தனி, 2002இல் மீண்டும் பெரம்பலூர், 2007இல் மறுபடி தனி. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரரின் பயோடேட்டாவில் மாறியது ‘நிரந்தர முகவரி’ ஒன்றுதான். ஜெராக்ஸ் கடைக் கணினியில் குடியிருக்கும் ‘சவாலான பணி’ லட்சியம் அசையவே இல்லை. அரியலூர் சிமென்ட் ஆலைக்கும் அதே தாள், பெரம்பலூர் டயர் ஆலைக்கும் அதே தாள். பயோடேட்டாவோடு வைக்கும் கடிதத்தை யார் படிக்கிறார்கள் என்பார்கள். நியாயம்தான், எல்லாம் ஒன்றுபோல இருந்தால் படிப்பானேன்? சுண்ணாம்புக்கல் சூளையில் சிமென்ட் கிளிங்கராவதைப் பயிற்சியில் பார்த்தவர் அதையே கடிதத்தின் முதல் வரியாக எழுதலாமே. பயிற்சி கிடைக்காதவர்? கல்லூரி ப்ராஜெக்ட்டைச் சொல்லலாம், அது விலைக்கு வாங்கியதாக இல்லாத பட்சத்தில். ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற கடைசி வரிக்காவது அப்போது வேலை கிடைக்கும்.