பாதாளத்துக்கு ஒரு மீட்புப் பயணம்

கேள்வி: நாயகன் பாதாளத்துக்குள் இறங்கி வேண்டியவர்களை மீட்டு வரும் கதை நம்மிடம் உண்டா? – ஒரு வாசகர், வண்டலூர்

பதில்: பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். அதற்கு முன்பே பாய்ந்து போனவர் அனுமன்!

மயில்ராவணன் கதைதான் அது. வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. மக்கள் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்ட கிளைக்கதை. இலங்கைப் போர் நடக்கும்போதே பாதாள அரசன் மயில்ராவணன் ராம லட்சுமணரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதாளத்தில் சிறைவைக்கிறான். மீட்கப் போன அனுமனைக் கோட்டை வாசலில் மறிக்கும் காவலன் மச்சவல்லபன் வேறு யாருமல்ல, அவருடைய சொந்த மகன்! இந்தத் திருப்பத்தை இன்று திரையில் காட்டினாலும் தியேட்டர் அதிரும். தெருக்கூத்தும் தோல்பாவைக்கூத்தும் இதைக் கொண்டாடின. வங்காளத்தின் கிருத்திவாச ராமாயணத்திலும் இந்தக் கதை இருக்கிறது. 1951-இல் ஹோமி வாடியா இதையே 'ஹனுமான் பாதாள விஜய்' என்று இந்தியில் படமாக எடுத்தார், மீனா குமாரி நடிக்க.

மயில்ராவணனின் உயிர் ஐந்து விளக்குகளில் இருந்ததாம். ஐந்தையும் ஒரே மூச்சில் அணைக்க அனுமன் எடுத்த முகங்கள்: குரங்கு, சிங்கம், கருடன், பன்றி, குதிரை. 1985 முதல் உயிரியல் பூங்காவோடு வாழும் வண்டலூர்க்காரருக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டுமா, என்ன?

ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய், திண்டிவனத்தில் புதுச்சேரிப் பக்கம் திரும்புங்கள். பஞ்சவடியில் 36 அடி உயரத்தில் ஐந்து முகங்களோடும் அனுமன் நிற்கிறார்.