எட்டில் எதிர்ப்படுதல்: ஒரு விளக்கவுரை

காட்டுப் பாதையில் எதிரே வருபவருக்கு முகமன் கூறுதல் அமெரிக்க நடையாளர் மரபு. முதற்சந்திப்பின் இலக்கணம் எளிது: புன்னகை, ஒரு 'ஹாய்', ஒதுங்கி வழிவிடல். அதே ஆள் மீண்டும் எதிர்ப்பட்டால் செய்யத்தக்கது யாது? முன்னோர் இதனை ஆராய்ந்திலர். யாம் துணிந்தோம்.

ஆய்வுக்களம், வட கரோலினாவின் ஜாய்ஸ் கில்மர் நினைவுக் காடு. மரத்தைப் பாடிப் புகழ்பெற்று, 1918இல் போர்க்களத்தில் மாண்ட கவிஞருக்கு 1936இல் அர்ப்பணித்தது. பாதை 8 என்னும் எண் வடிவினது; கீழ்வளையம் 2 கி.மீ., மேல்வளையம் 1.2 கி.மீ. சிக்கலே இந்த வடிவில்தான். இருவர் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்பட்டு ஒரே வேகத்தில் நடந்தால், வெறும் வட்டத்தில் நடுவழியில் ஒருமுறைதான் சந்திப்பர். எட்டிலோ இடுப்பில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, திரும்பவும் இடுப்பில் ஒருமுறை. வண்டி நிறுத்துமிடம் தனிக்கணக்கு. மூன்றாம் 'ஹாய்' சொல்பவர், கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவர் ஆகிவிடுகிறார்.

பேசாமல் கடந்துபோனால் என்னை எனின், அற்றன்று. சந்தையில் மவுனம் யார் காதிலும் விழாது. சருகு மிதிபடுவதே பேரோசையான இடத்தில் அது உரக்கக் கேட்கும்.

தக்க வழி அண்ணாந்து பார்த்தல். மேல்வளையத்தில் 400 ஆண்டு கடந்த டூலிப் பாப்லர்கள் உள. 20 அடிச் சுற்றளவு, 100 அடி உயரம் வரை. (பெயரில்தான் பாப்லர், குடும்பத்தால் நம் சண்பகத்துக்குச் சொந்தம்.) அவற்றின் உச்சியில் கண் வைத்தவரிடம் முகமன் எதிர்பார்ப்பார் இலர். கழுத்துவலி ஒன்றே குற்றம்.

ஹெம்லாக் மரங்களும் இப்பணி செய்து வந்தன. ஆசியாவிலிருந்து வந்த, அசுவினியை ஒத்த சிறுபூச்சி அவற்றைத் தீர்த்தது. பாதையோரம் பட்டு நின்றவற்றை வனத்துறை 2010இல் வெடிவைத்துச் சாய்த்தது. ரம்பம் பட்டால் வெட்டுமுகம் வழவழவென்று ஆள் வந்துபோனதைக் காட்டிக்கொடுக்கும்; வெடியில் பிளந்தால் புயல் முறித்தது போலிருக்கும் என்பது கருத்து. ஆக, அண்ணாந்து பார்க்க மரம் குறைந்தது. குனிந்து ஆராய முறிந்த அடிமரம் கிடைத்தது. கூச்சமுடையோர் வனத்துறைக்குக் கடன்பட்டோர்.

நாயோடு வருவார்க்கு இவ்விதிகள் இல்லை. நாயை எத்தனை முறையும் புதிதாக நலம் விசாரிக்கலாம். பதிலைக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் சொல்வார்.