நோகாத விரலுக்கு முந்நூறு வருஷம்

பாரம்பரிய வில்லாளியிடம் விரல் நோகிறது என்று சொல்லிப் பாருங்கள். “பழகிடும்” என்பார். நாணைப் பிடித்து விடுவிக்கும், விசை வைத்த ரிலீஸ் கருவியை எடுத்தால் மட்டும் முகம் சுளிப்பார். அது காம்பவுண்ட் வில்காரர்கள் சமாச்சாரமாம். சரி, அவர் கட்டைவிரலில் மாட்டியிருப்பது என்ன? அது மரபாம்! நாண் விரலை அறுக்காமல் வழுக்கிப் போகத்தானே அந்த வளையமும்?

ஷாஜகானுக்கு 1631-32இல் இந்த வளையத்தை ஜேட் கல்லில் தங்க எழுத்து பதித்துச் செய்தார்கள். இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சொகுசாக இருக்கிறது. துருக்கியர் எலும்பில் கடைந்தார்கள். ஜப்பானியர் ஒரு படி மேலே போய், மான்தோல் கையுறையின் கட்டைவிரலுக்குள் மரக்கூடே வைத்துவிட்டார்கள்.

அலுமினிய ரிலீஸ் கருவிக்காரர்கள் இன்னும் முந்நூறு வருஷம் பொறுக்கட்டும், அதுவும் மரபாகிவிடும். அதுவரை வெந்நீர் ஒத்தடம்.