உத்திரப் பெரியப்பா

உத்திரப் பெரியப்பா என்பவர் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறைக்கு ஒருவராகத் தோன்றுபவர். பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தாரை ஒருத்தர் விடாமல் சாஸ்தா கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு. எல்லாருக்கும் அவர் பெரியப்பா முறைதான் ஆக வேண்டும் என்பதில்லை. சிலருக்குச் சித்தப்பா, சிலருக்குத் தாத்தா, வீட்டம்மாளுக்கு ‘இந்த மனுசன்’. வயது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியிருக்கும். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கோப்பை மேசை விட்டு மேசை நகர்த்த மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்கள்கூட, ஓய்வு பெற்றபின் இந்தப் பொறுப்பில் காட்டும் வேகம் உடன் வேலை பார்த்தவர்களைத் திகைக்க வைக்கும்.

இப்படியொரு பிறவி ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காரணம் உண்டு. தென் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா, அதாவது அய்யனார். பூரணை, புட்கலையோடு குளக்கரையிலோ காட்டோரத்திலோ தேரி என்னும் செம்மணல் மேட்டிலோ அமர்ந்திருப்பார். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று இடத்துக்கு ஒரு பெயர். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக் குடும்பங்கள் பாத்தியப்பட்டிருக்கும். தன் சாஸ்தா யாரென்றே தெரியாமல் போனவர்கள் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டால் போதும் என்பது வழக்கு. குடும்பம் முழுக்க ஒரே ஊரில் இருந்தவரை மாட்டுவண்டியைப் பூட்டினால் வேலை முடிந்தது. பிறகு ஒருவர் சென்னைக்கும் ஒருவர் கோயம்புத்தூருக்கும் இன்னொருவர் துபாய்க்கும் போனார்கள். ஊரில் இருந்த வீடு விற்றுப் போயிற்று, வயலும் கைமாறிற்று. சாஸ்தா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். ஆட்களை அவரிடம் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

மாசி பிறந்ததும் அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். “ஏல, உத்திரம் எப்ப வருதுன்னு பாத்தியா?” இதைக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்குவது அனுபவமில்லாதவர்கள் செய்வது. தேதி அவருக்குப் போன வருடமே தெரியும்.

தேதிதான் இவர் வாழ்க்கையின் பெரிய இடைஞ்சல். பங்குனி மாதத்தில், பௌர்ணமியை ஒட்டி உத்திர நட்சத்திரம் வரும் நாளே திருநாள். சந்திரனின் கணக்கும் சூரியனின் கணக்கும் ஒத்துப்போகாததால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அது ஊஞ்சலாடும். 2024-இல் மார்ச் 25, 2025-இல் ஏப்ரல் 11. போதாததற்கு வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் தொடங்கும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். எது சரி என்று பெரியப்பாவுக்கும் அவருடைய பங்காளி ஒருவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் வானசாஸ்திரம் கொஞ்சமாகவும் 1987-இல் நடந்த ஒரு பாகப்பிரிவினை நிறையவும் இருக்கும்.

இந்த ஒரு மாத இடைவெளியில்தான் தமிழ்நாட்டின் எல்லாத் தொல்லைகளும் வந்து விழுகின்றன. பொதுத்தேர்வுகள் நடக்கும். மார்ச் 31-இல் நிதியாண்டு முடியும். 2024-இல் உத்திரத்துக்கு மறுநாளே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. அந்த வருடம் பெரியப்பாக்கள் பட்ட பாடு தனியாக எழுத வேண்டியது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் உத்திரத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை வாங்கிக்கொள்வதுண்டு. சென்னைக்கு அந்தச் சலுகை இல்லை. வங்கியில் இருக்கும் தம்பி மகன், “வருசக் கடைசி பெரியப்பா, கணக்கு முடிக்கணும்” என்பான். “சாஸ்தாவும் ஒரு கணக்கு வச்சிருப்பாரு, பாத்துக்கோ” என்று பதில் வரும். மிரட்டல் இல்லாத குரலில் இப்படிச் சொல்வது எல்லாருக்கும் கைவராது.

அடுத்தது பயணம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பெரியப்பாவின் பருவமும் அதனால் இரண்டு மாதம் சுருங்கியது. குடும்பத்தார் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் எல்லாருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் தெரியும் களை, சொந்த மகள் கல்யாணத்தில்கூடத் தெரிந்திருக்காது. அதன்பின் வேன். பதினேழு பேர் உட்காரும் வேனில் இருபத்தைந்து பேரை ஏற்றலாம் என்பது அவருடைய கொள்கை. ஓட்டுநருடைய கொள்கை வேறு.

வரி வசூல் நுட்பமானது. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி, பொங்கலுக்கு அரிசி, வெல்லம், பூமாலை, வேன் வாடகை எல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஏறும். கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. கொடுக்காதவர் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. ஆனால் வரிசையாக நோட்டைப் பார்க்கும் எவர் கண்ணும் அந்த வெற்றிடத்தில்தான் போய் நிற்கும். பிள்ளைகள் வாட்ஸப் குழுவும் கைப்பேசியில் பணம் அனுப்பும் வழியும் ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தை அதில் வாங்கிக்கொள்வார். கோட்டை நோட்டில்தான் போடுவார்.

கட்டிக்கொடுத்த பெண்கள் விவகாரம் இதைவிடச் சிக்கல். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான் சாஸ்தா. அங்கேயும் ஒரு பெரியப்பா நோட்டோடு காத்திருப்பார். அவள் பிள்ளைக்கு உத்திரத்தன்று முடியிறக்கிக் காது குத்துவதென்றால், தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமனோ அதே நாளில் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தன் சாஸ்தா முன்னால் நிற்க வேண்டியவன். ஒரு மாமனை இரண்டு தெய்வங்களுக்குப் பங்கு வைக்கும் இந்தப் பேச்சுவார்த்தை ஒரு வாரம் போகும். காலை பத்து மணி வரை இங்கே, பிறகு மோட்டார் சைக்கிளில் அங்கே என்று முடிவாகும். பெரியப்பாக்கள் இருவரும் ஒருவரையொருவர் “சம்மந்தி” என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே இதை நடத்துவார்கள்.

அன்றைய நாள் விடியுமுன் தொடங்கும். செங்கல் அடுப்பு கூட்டுவது, விறகு ஈரம் என்று திட்டுவது, பானை பொங்கும்போது குலவையிடச் சொல்லி நகரத்து மருமகள்களை ஏவுவது எல்லாம் பெரியப்பா மேற்பார்வை. வெயில் ஏறினால் தேரி மணலில் கால் வைக்க முடியாது. செருப்பை எங்கே விட்டோம் என்பது மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆன்மிகப் பிரச்சினையாகிவிடும். சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு. சுடலைமாடன், கருப்பசாமி போன்ற காவல் தெய்வங்களுக்குக் கிடா உண்டு. அதை வெட்டும்போது சாஸ்தா சன்னதியில் திரை போட்டுவிடுவது பல கோயில்களில் வழக்கம். பெரியப்பா சுத்த சைவமாக இருந்தால் அவரும் அந்த நேரம் வேன் பக்கம் போய் நின்றுகொள்வார். கோமரத்தாடி என்னும் சாமியாடி அருள் வந்து குறி சொல்லும்போது, “ஒரு தலைக்கட்டு கொறையுதே” என்று கேட்டால் மட்டும் திரும்பி வருவார். அது யார் என்று அவரிடம் பட்டியல் இருக்கிறது.

இவ்வளவும் செய்பவர் தீபாராதனையைப் பார்ப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மணி அடிக்கும்போது அவர் ஒன்று தலை எண்ணிக்கொண்டிருப்பார், அல்லது கூடுதல் வாடகை கேட்கும் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருப்பார். கூட்டம் சாப்பிட உட்கார்ந்தபின், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாகச் சன்னதிக்கு வருவார். மந்திரம் எதுவும் தெரியாது. வராதவர்களைப் பற்றிச் சாமியிடம் வாய்க்குள் விவரம் சொல்வார்: “சின்னவன் பயலுக்குப் பரீட்சை. மூத்தவ ஊருலயே இல்ல. அடுத்த வருசம் கூட்டியாரேன், கோவிச்சுக்கிடாதிரும்.” பூசாரி கொடுக்கும் திருநீற்றையும் மஞ்சணையையும் வராதவர் கணக்குக்கு ஒன்றாகத் தாளில் மடித்துக்கொள்வார்.

திரும்பியதும் பொட்டலங்கள் கூரியரில் போகும். வாட்ஸப்பில் ஒரு காணொளி வரும். அதில் கால்வாசி நேரம் பெரியப்பாவின் கட்டைவிரல். வரவு செலவு வாசிக்கப்பட்டு, மீதி நூற்றுச் சொச்சம் ரூபாயை என்ன செய்வது என்று ஆனி மாதம் வரை விவாதம் நடக்கும்.

இவர் ஓயும்போது அடுத்தவர் எப்படி வருகிறார் என்பதற்கு முறை ஒன்றும் இல்லை. தேர்தல் நடப்பதில்லை, மூத்த மகன் என்பதாலும் வருவதில்லை. பெரியப்பா மூட்டுவலியால் வர முடியாத ஒரு வருடம், அதுவரை அவரைக் கேலி செய்துவந்த தம்பி மகன், வேன் புறப்படுமுன் தன்னை அறியாமல் எழுந்து தலைகளை எண்ணுவான். ஒன்று குறையும். “எல யாருல அது, இன்னும் வரல?” என்று கத்துவான். அந்த வருடச் சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கினால், முதல் பக்கத்து வருடப் பலனை விட்டுவிட்டு நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போவான். பங்குனி அங்கேதான் இருக்கும்.